டியூக்கின் பேரன், சாதாரணக் குடிமகன்

அன்புள்ள சார்,

சர்ச்சில் பற்றிய கட்டுரையில் அவரை ‘அரண்மனையில் பிறந்த சாதாரணக் குடிமகன்’ என்று எழுதியிருந்தீர்கள். தாத்தா டியூக் என்றால் பேரனும் பிரபுதானே? தவிர, மார்ல்பரோ டியூக் என்றால் மார்ல்பரோவை ஆண்டவர் என்றுதானே பொருள்?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பேரன் என்று போகிறது வரிசை. (கடைசியில் இருப்பது நம்மூர்ப் பேரன் இல்லை.) 1337இல் மூன்றாம் எட்வர்ட் தன் மகனை கார்ன்வால் டியூக் ஆக்கினார், இங்கிலாந்தில் முதல் டியூக் அவர்தான்.

ஆனால் பட்டம் ஓர் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. சர்ச்சிலின் அப்பா ராண்டால்ஃப், ஏழாம் மார்ல்பரோ டியூக்கின் இளைய மகன். அவர் பெயருக்கு முன்னால் வரும் ‘லார்டு’ வெறும் மரியாதைக்கு. சட்டப்படி அவர் பிரபு இல்லை. அதனால்தான் தேர்தலில் நின்று மக்களவைக்குப் போக முடிந்தது. வின்ஸ்டனுக்கு அந்த ‘லார்டு’கூடக் கிடையாது.

இருந்தும் அவர் டியூக் ஆகப் பார்த்தார். ஒன்பதாம் டியூக் அவருடைய பெரியப்பா மகன். 1895இல் ராண்டால்ஃப் இறந்தபோது டியூக்குக்குப் பிள்ளை இல்லை. அடுத்த வாரிசு வின்ஸ்டன். அந்த வருஷக் கடைசியில் டியூக் அமெரிக்கக் கோடீஸ்வரர் மகள் கான்சுவேலோவைக் கட்டிக்கொண்டார். வந்த பெண்ணிடம் வீட்டுப் பெரியம்மாள், முதல் வேலையாக ஓர் ஆண்பிள்ளையைப் பெற்றுக்கொடு, அந்தத் துடுக்குப் பயல் வின்ஸ்டன் டியூக் ஆவதைச் சகிக்க முடியாது என்றாராம். கான்சுவேலோவே பிற்பாடு எழுதியது இது. சொன்னவர் வின்ஸ்டனின் சொந்த அப்பாயி!

1897இல் ஆண் குழந்தை பிறந்தது. டியூக் ஆகியிருந்தால் வின்ஸ்டன் பிரபுக்கள் அவைக்குத்தான் போயிருக்க வேண்டும். பட்டத்தைத் துறக்க 1963 வரை சட்டத்தில் வழியில்லை. அப்பாயிக்கு நன்றி சொல்வதா என்பதை, அவர் பிரதமராக இருந்தபோது 1943 பஞ்சத்தில் வாடிய வங்காளத்துக்காரர்களைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். 1955இல் லண்டன் டியூக் பட்டம் பேச்சுக்கு வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டு, 1964 வரை மக்களவையிலேயே உட்கார்ந்திருந்தார்.

சரி, ஊர். மார்ல்பரோ இருப்பது வில்ட்ஷயரில். டியூக்கின் பிளெனிம் மாளிகை ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில். பட்டத்தில் ஊர் பெயரளவுக்குத்தான், ஆட்சியெல்லாம் இல்லை. மாளிகை நிற்கும் நிலம், 1704இல் பிளெனிம் போரில் பிரெஞ்சுப் படையை முறியடித்ததற்காக முதல் டியூக்குக்குக் கிடைத்தது. அதற்கு இன்றும் வாடகை உண்டு: வருஷா வருஷம் அந்தப் போர் நாளான ஆகஸ்ட் 13க்கு, பழைய பிரெஞ்சு அரசக் கொடி ஒன்று விண்ட்சர் கோட்டைக்குப் போய்ச்சேர வேண்டும்.