முடிவு தெரிந்தும் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ ஏன் பதற வைக்கிறது?

கொடைக்கானல்காரன் என்பதால் இதற்குப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். 2006-இல் எங்கள் ஊர் குணா குகைப் பிளவில் விழுந்த சுபாஷ் பிழைத்துவிட்டார் என்பது ஊரறிந்த செய்தி. அப்படியும் அந்தச் சம்பவத்தை வைத்து 2024-இல் வந்த இந்த மலையாளப் படம் தியேட்டரில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வைத்தது.

பிழைப்பாரா என்பதல்ல அங்கே பயம். பிளவுக்குள் இருப்பவருக்கு, மேலே ஆள் இருக்கிறார்களா என்று தெரியாது. மேலே நிற்கும் நண்பர்களுக்கு, உள்ளே உயிர் இருக்கிறதா என்று தெரியாது. இயக்குநர் சிதம்பரம் இந்த இரண்டு தவிப்புக்கும் நடுவில் நம்மை உட்கார வைக்கிறார். மழைத் தண்ணீர் குழிக்குள் இறங்காமலிருக்க நண்பர்கள் உடம்பாலேயே அணை போடும் இடம் ஒன்று போதும்.

இதோடு ‘127 ஹவர்ஸ்’ (2010) பாருங்கள், இசை நம்ம ரஹ்மான். அமெரிக்காவின் யூட்டா பாறை இடுக்கில் கை நசுங்கிக் கிடப்பவர், போகுமிடத்தை யாரிடமும் சொல்லவில்லை. தேடி வர ஆளே இல்லை! கையிலிருக்கும் வீடியோ கேமராவிடம்தான் பேசுகிறார். தனிமையை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய படங்கள் குறைவு என்பேன்.

என்னை அதிகம் உலுக்கியது மஞ்ஞும்மல்தான். எங்கள் ஊர்த் தூண் பாறைப் பக்கம் மூடுபனி இறங்கினால், பக்கத்தில் நின்றவரே மறைந்துபோவார். ஆளைக் காணாமல் பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்தக் குரல் மலையில் வாழ்பவர்களுக்குப் பழக்கமானது. படத்தில் நண்பர்கள் ‘சுபாஷே’ என்று கத்தும்போது என்னால் உட்கார முடியவில்லை.