காதடி வீக்கமும் உலர்ந்த வாயும்

கேள்வி: எச்.ஐ.வி.க்கு 4 ஆண்டுகளாக மாத்திரை எடுத்துவரும் என் கணவருக்கு இரு காதுகளின் கீழும் வலியில்லாத வீக்கம் உள்ளது. குழம்பில் தோய்த்த களி உருண்டைகூட, தண்ணீர் குடிக்காமல் இறங்குவதில்லை. புற்றுநோயாக இருக்குமோ?
– வாசகி, பென்னாகரம்

பதில்: கலங்காதீர்கள், சகோதரி. காதடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் நிணநீர் அணுக்கள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) குவிவதாலும் நீர்க்கட்டிகள் உருவாவதாலும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இவ்வாறு வீங்குவதும் வாய் உலர்வதும் உண்டு. பெரும்பாலும் அது புற்றுநோயன்று. ஆயினும் ஒருபுறம் மட்டும் வேகமாகப் பெருத்தாலோ, கெட்டிப்பட்டாலோ, முகம் கோணினாலோ, நிணநீர்ப் புற்றுநோயோ காசநோயோ இல்லையென உறுதிசெய்ய ஸ்கேனும், ஊசியால் அணுக்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் உடனே தேவை. மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்திலேயே வீக்கத்தைக் காட்டி, வைரஸ் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். வைரஸ் கட்டுக்குள் வந்தால் பலருக்கு வீக்கம் சுருங்குகிறது. உமிழ்நீர் குறைந்தால் பற்கள் விரைவில் சொத்தையாகும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஃபுளூரைடு பற்பசையால் இருவேளை துலக்கட்டும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் பருகட்டும். புகையிலை அறவே வேண்டாம்.