ஐந்தாவது ஃபவுலைக் காட்டுங்கள்

கேள்வி: கல்லூரிக் கூடைப்பந்தை வைத்து எடுத்த 'வல்லினம்' படத்துக்குப் படத்தொகுப்புக்காகத் தேசிய விருதே கிடைத்தது. ஆனாலும் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் வருவது போலக் கூடைப்பந்துக்குப் படங்கள் வரிசையாக வரவில்லை. நம் ஜனங்களுக்கு அந்த ஆட்டத்தின் விதி தெரியாது, அதனால் தியேட்டரில் ஒட்டாது என்கிறார்கள் சினிமாக்காரர்கள். சரிதானே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: சரியில்லை. பழியை ஜனங்கள் தலையில் போடுவது சினிமாக்காரர்களுக்கு வசதி. அதற்கு நீங்களும் தலையாட்ட வேண்டாம். எல்.பி.டபிள்யூ. விதியை எழுதிக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் திணறுவோம். ஆனால் அவுட்டா இல்லையா என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்கிற ஊர் இது. கூடைப்பந்தில் பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டியது நாலைந்து விதிதான். பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் ரிங்கை நோக்கி எறிய வேண்டும். 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். எதிராளியை முறைகேடாக மோதினாலோ பிடித்தாலோ ஃபவுல், ஒரு ஆட்டக்காரர் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே. ஒரு குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் கால் பங்கில், அணி நாலு ஃபவுலைத் தொட்டுவிட்டால், ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் எறி, விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட். இதைப் படத்தின் முதல் அரைமணி நேரத்தில், பி.டி. மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு திட்டுகிற காட்சியிலேயே சொல்லி முடித்துவிடலாம். சொல்லாமல் விடுவதற்குக் காரணம், இந்த விதிகளுக்குள்தான் கதை இருக்கிறது என்பது எழுதுகிறவருக்குத் தெரியாததுதான்.

'வல்லினம்' 2014-ல் வந்தது. இயக்கம் அறிவழகன், நடிப்பு நகுல். கிரிக்கெட் ராஜாவாக இருக்கிற கல்லூரியில் கூடைப்பந்துப் பையன்களுக்கு நேருகிற அவமானம்தான் அதன் அடிநாதம். அந்த ஆதங்கம் நூற்றுக்கு நூறு நியாயமானது, அதைத் திரையில் வைத்ததற்காகவே அந்தப் படத்தை மதிக்கிறேன். 61-வது தேசிய விருதுகளில் படத்தொகுப்பாளர் சாபு ஜோசப்புக்குக் கிடைத்த விருதை, அடுத்துக் கூடைப்பந்துப் படம் எடுக்க நினைக்கிறவர்கள் ஒரு பாடமாகவே படிக்க வேண்டும். இந்த ஆட்டம் வெட்டு மேசையில்தான் உருவாகிறது. ஆனால் களத்தில் எடுக்காததை எந்த எடிட்டராலும் ஒட்டித் தர முடியாது.

கபடியோடு ஒப்பிடுவதிலேயே ஒரு பிசகு இருக்கிறது. கபடியில் ஒரே ஒருவன் பாடிப் போகிறான், ஏழு பேர் அவனைச் சுற்றி வளைக்கிறார்கள். கேமரா யாரைப் பார்ப்பது என்ற கேள்வியே இல்லை. கூடைப்பந்தில் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலக் கோர்ட்டில் பத்துப் பேர் ஓடுகிறார்கள். பந்து இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு கை மாறுகிறது. நம் படங்கள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி, நாயகன் முகம், வியர்வை, எகிறல், அப்புறம் பந்து வலைக்குள் விழும் தனி ஷாட். எறிந்தவன் ஒரு ஃபிரேமில், விழுந்த பந்து வேறொரு ஃபிரேமில். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு விநாடிதான் கூடைப்பந்து. ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து எறிந்த பந்து ரிங்குக்குப் போய்ச் சேர ஏறக்குறைய அவ்வளவு நேரமாகும். அந்த ஒரு விநாடியில் கோர்ட்டில் உள்ள எல்லார் கண்ணும் மேலே இருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு ஆட்டம் ஒட்டவில்லை என்றால் எப்படி ஒட்டும்?

கடைசி 20 விநாடியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணி 62, நம் அணி 60. பந்து எதிரணி கையில். 24 விநாடிக் கடிகாரம் நமக்கு உதவாது, ஏனென்றால் மீதி இருப்பதே 20. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் ஆட்டத்தை முடித்துவிடலாம். ஆகவே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தியாக வேண்டும். இங்கேதான் கொக்கி. இந்தக் குவார்ட்டரில் நம் அணி செய்திருப்பது இரண்டே ஃபவுல். மூன்றாவது செய்தால் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர்களே பந்தை எறிவார்கள், அவ்வளவுதான். நாலாவதுக்கும் அதே. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று விநாடி கரையும். ஐந்தாவது ஃபவுலில்தான் அவர்களை ஃப்ரீ த்ரோ கோட்டுக்குத் தள்ள முடியும், அவர்கள் எறிந்து முடித்த பிறகுதான் பந்து நம் கைக்கு வர வழி. பந்தைக் குறிவைத்துக் கை நீட்ட வேண்டும். ஜெர்சியைப் பிடித்து இழுத்தால் பந்தை விட்டு ஆளைக் குறிவைத்ததாக அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல் ஆகிவிடும், இரண்டு ஃப்ரீ த்ரோவும் கொடுத்துப் பந்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். நாயகனுக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல் இருந்தால்? அவன் தொட்டால் அவன் ஆட்டம் முடிந்தது. தொடாமல் நின்றால் அணியின் ஆட்டம் முடிந்தது. இதைவிட ஒரு கிளைமாக்ஸ் வேண்டுமா?

சரி, வேறொருவன் ஐந்தாவது ஃபவுலைச் செய்துவிட்டான், எதிரணியில் எறிவதில் சுமாரான ஆளாகப் பார்த்துத்தான் செய்தான் என்று வைத்துக்கொள்வோம். 12 விநாடி பாக்கி. முதல் ஃப்ரீ த்ரோ தவறுகிறது, இரண்டாவது விழுகிறது. 63-60. கோச் டைம் அவுட் கேட்கிறார். கடைசி இரண்டு நிமிடத்தில் டைம் அவுட் எடுத்தால் பந்தை எதிர்ப்பாதியிலிருந்தே உள்ளே எறியலாம் என்பது விதி. கோச் கையில் பலகையும் மார்க்கரும் இருக்கும், மூன்று வட்டம், இரண்டு அம்பு. அந்தக் கோடுகளை முதலில் காட்டிவிட்டுப் பிறகு அதே கோடுகள் ஓட்டமாக மாறுவதைக் காட்டுங்கள். மூன்று பாயிண்ட் தரும் 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு எறி. விழுந்தால் ஐந்து நிமிடக் கூடுதல் ஆட்டம். எதிரணிக்காரன் தடுக்க வந்து எறிகிறவன் கையில் தட்டினால் மூன்று ஃப்ரீ த்ரோ. வசனமே வேண்டாம், பின்னணி இசையைக்கூடக் குறைத்துவிடலாம்.

இதைப் படமாக்க முதல் தேவை ஒரு ஸ்கோர் ஷீட். படப்பிடிப்புக்கு முன்பே அந்த ஆட்டத்தை முதல் பாயிண்டிலிருந்து கடைசி வரை தாளில் ஆடி முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எந்தக் குவார்ட்டர், எத்தனை விநாடி பாக்கி, ஸ்கோர் என்ன, யாருக்கு எத்தனை ஃபவுல் என்று கன்டினியூட்டி பார்க்கிறவர் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 0:41 காட்டிய கடிகாரம் அடுத்த ஷாட்டில் 0:55 ஆகிவிடும். ஸ்லோமோஷனில் பத்து விநாடியை இரண்டு நிமிடமாக இழுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். கடிகாரம் பின்னால் போனால்தான் கேட்பார்கள். இன்னொன்று, வெளியிலிருந்து பந்தை எறியும்போது கடிகாரம் ஓடாது. உள்ளே இருப்பவர் கை பந்தில் பட்ட பிறகுதான் ஓடத் தொடங்கும்.

கேமராக்களைக் கோர்ட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள். நினைத்த பக்கமெல்லாம் தாண்டினால் எந்த ரிங் யாருடையது என்பது பார்க்கிறவருக்குக் குழம்பிவிடும். இரண்டாம் பாதியில் அணிகள் ரிங் மாற்றிக்கொள்வதையும் ஒரு ஷாட்டில் சொல்லிவிடுங்கள். எறிகிறவன் தோளுக்குப் பின்னாலிருந்து ரிங்கும் தெரிய ஒரு ஷாட் கட்டாயம். நடிகருக்கு விழவில்லையா? விழும்வரை எறியட்டும். ஓரளவு பழகிய கை ஃப்ரீ த்ரோவில் பத்துக்குக் குறைந்தது ஐந்து போடும், ஃபிலிம் ரோல் தீர்ந்துவிடும் என்ற கவலை இப்போது இல்லை.

பழகாத கை எங்கே காட்டிக்கொடுக்கும் என்றால் லே-அப்பில், அதாவது ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் எழும்பிப் போடும் எறியில். வலப்பக்கமாக உள்ளே போகிறவன் வலது கால், இடது கால் என்று வைத்து, இடது காலால் எழும்பி, வலது கையால் போர்டில் வைப்பான். இடப்பக்கம் போனால் எல்லாம் தலைகீழ், இடது கைதான். நடிகர்கள் எந்தப் பக்கம் போனாலும் வலது கையையே தூக்குவார்கள், காலும் கையும் பின்னிக்கொள்ளும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிளின்போது கண் பந்து மேலேயே இருக்கும், பந்தை விரல்களால் தள்ளாமல் உள்ளங்கையால் அறைவார்கள். கல்லூரி அணியில் மூன்று மாதம் காலையும் மாலையும் நின்றால் இது சரியாகும். இரண்டு வாரத்தில் ஆகாது. எகிறி ரிங்குக்கு மேலிருந்து பந்தை உள்ளே திணிக்கும் டங்க் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ரிங் 3.05 மீட்டர் உயரம். ஐந்தடி எட்டு அங்குல ஆள் கையைத் தூக்கி நின்றால் எட்டுவது இரண்டேகால் மீட்டர் சொச்சம். ரிங்கைக் கீழே இறக்கி ஏமாற்றினால், வலையின் அடிநுனி பக்கத்தில் நிற்கிறவன் தலைக்குப் பக்கமாக இறங்கி வந்துவிடும், பள்ளிக்கூடப் பையன்கூடக் கண்டுபிடிப்பான்.

ஜெர்சி எண்ணையும் சொல்ல வேண்டும். 2014 வரை சர்வதேச விதிப்படி 4 முதல் 15 வரைதான் எண். ஒன்று, இரண்டு, மூன்று விரல்களை நடுவர் பாயிண்ட் காட்டவும் ஃப்ரீ த்ரோ சொல்லவும் பயன்படுத்துவதால் அந்த எண்களை ஒதுக்கியிருந்தார்கள். 2005-ல் நடக்கிற கல்லூரிக் கதையில் நாயகன் முதுகில் 23 என்று போட்டால் அது அமெரிக்க மோகம்.

நம் கல்லூரிகளில் பெரும்பாலும் சிமெண்ட் கோர்ட்தான். மரத்தளத்தில் ஷூ கீச்சிடும், சிமெண்டில் மணல் நறநறக்கும், பந்து விழும் சத்தமே வேறு. எல்லா இடத்துக்கும் ஒரே கீச்சொலியைப் போடாதீர்கள். பெரியகுளத்தில் கோடையில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு எத்தனை ஊர் ஜனம் கூடுகிறது என்று போய்ப் பாருங்கள், விதி தெரியாத ஜனமா அது?

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் கேட்கவில்லை. சென்னைப் பெண் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி ஆடியவர், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அப்படி ஒருவர் இருக்கிற மாநிலத்தில் கூடைப்பந்துக் கதை என்றால் பெண்ணைக் கேலரியில் உட்காரவைத்துக் கைதட்டச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. அவளைக் கோர்ட்டில் இறக்குங்கள். இறக்கும்போது கையில் 6-ம் எண் பந்தைக் கொடுங்கள். 7-ம் எண் ஆண்கள் பந்து, கொஞ்சம் பெரிது, கனமும் கூட.