முதலில் ஃபீல்டு, பிறகுதான் டெம்ப்ளேட்

கேள்வி: கும்பகோணத்தில் நான்கு பேராக கணினிப் பாதுகாப்பை ஆராய்ந்து குறை சொல்லும் ஒரு சிறிய செக்யூரிட்டி டெஸ்டிங் நிறுவனம் நடத்துகிறோம். சுற்றுவட்டாரக் கல்லூரிகளும் நகரக் கூட்டுறவு வங்கிகளும்தான் வாடிக்கையாளர்கள். டெஸ்ட் செய்ய மூன்று நாள் என்றால் ரிப்போர்ட் எழுத நான்கு நாள் ஆகிறது. சொந்தமாக டெம்ப்ளேட், ஃபீல்டு அமைத்து எக்ஸ்போர்ட் செய்ய இரண்டு முறை முயன்றோம். பாதிப் பக்கம் காலியாக வந்தது. வங்கி இயக்குநர்களுக்குத் தமிழில் சுருக்கமும் வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: வேர்டை மூடி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பாதிப் பக்கம் காலியாக வந்ததென்றால், டெம்ப்ளேட்டை அழகாகச் செய்துவிட்டு அதற்குள் போட விஷயம் தேடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நான் செய்வது இதற்குத் தலைகீழ். ஏற்கெனவே அனுப்பிய ரிப்போர்ட்டில் உங்களுக்கே திருப்தியான ஒன்றை அச்செடுத்து, ஒவ்வொரு குறைபாட்டுக்கும் மாறுகிற பகுதிகளைப் பேனாவால் வட்டமிடுங்கள். வட்டமிட்டவை ஃபீல்டு. மிச்சமிருப்பது டெம்ப்ளேட்.

ஒரு கல்லூரியின் தேர்வு முடிவுப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தன் கணக்கில் உள்ளே நுழைந்த மாணவர், முகவரிப் பட்டையில் பதிவெண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றினால் அடுத்த மாணவரின் மதிப்பெண் பட்டியல் திறக்கிறது. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் முதலிடத்தில் இருக்கிற அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறுதான் இது. இதற்கு எனக்குத் தேவைப்படும் ஃபீல்டுகள்: மாறாத அடையாள எண், தலைப்பு, பாதிக்கப்பட்ட இடம், சி.வி.எஸ்.எஸ். வெக்டர், விளக்கம், செய்து காட்டும் படிகள், ஆதாரம், தீர்வு, நிலை, இயக்குநர்களுக்கான தமிழ் வரி. பத்து போதும். இருபத்தைந்து ஃபீல்டு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பதினைந்தில் 'பொருந்தாது' என்றே எழுதியிருப்பார்கள்.

சி.வி.எஸ்.எஸ். என்பது ஒரு கோளாறு எவ்வளவு தீவிரம் என்று பத்துக்கு மதிப்பெண் போடும் முறை; எந்த அடிப்படையில் அந்த மதிப்பெண் என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் ஒற்றை வரிதான் வெக்டர். அதைத்தான் சேமிக்க வேண்டும், மதிப்பெண்ணை அல்ல. மேலே சொன்ன கோளாறில், உள்ளே நுழைய மாணவர் கணக்கு தேவை, ரகசியத்தன்மை முழுக்கப் போகிறது என்று வைத்தால், சி.வி.எஸ்.எஸ். 3.1 பதிப்பின்படி 6.5 வரும், நடுத்தரம். அதே பக்கம் கணக்கே இல்லாமல் திறந்தால் 7.5, உயர். கல்லூரியின் கணினிப் பொறுப்பாளர் 'ஏன் சார் இதைப் போய் உயர்னு போட்டீங்க' என்று கேட்கும்போது, வெக்டர் கையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். மதிப்பெண்ணை அந்த வரியிலிருந்து கணக்கிடுங்கள். 'உயர்', 'நடுத்தரம்' என்ற சொல்லை டெம்ப்ளேட்டே மதிப்பெண்ணைப் பார்த்துப் போடட்டும். இரண்டையும் கையால் நிரப்பினால் 7.2-க்குப் பக்கத்தில் 'நடுத்தரம்' என்று ஒருநாள் அச்சாகியே தீரும். 2023 நவம்பரில் 4.0 பதிப்பு வந்துவிட்டதால், எந்தப் பதிப்பு என்பதும் வெக்டரோடு சேர்ந்தே இருக்கட்டும்.

வரிசைப்படுத்தும்போது ஒரு வேடிக்கை நடக்கும். மதிப்பெண் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தால் 10.0 வந்து 9.8-க்கும் 4.3-க்கும் கீழே உட்கார்ந்துகொள்ளும், ஏனென்றால் கணினி முதல் எழுத்தான 1-ஐத்தான் பார்க்கிறது. எண்ணாக மாற்றி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

அடையாள எண்ணை வரிசை எண்ணாக வைக்காதீர்கள். மறுபரிசோதனையில் மூன்றாவது சரியாகிவிட்டதென்று நீக்கினால் நான்கு மூன்றாகிவிடும். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

அடுத்தது ஸ்கேனர். குறைகளைத் தானாகத் தேடும் நெசஸ், பர்ப் போன்ற கருவிகள் தங்கள் பெயரில் ஃபீல்டுகளைத் தரும். எது உங்களுடைய எந்த ஃபீல்டுக்குள் போக வேண்டும் என்று ஒருமுறை பொருத்திவிட்டால் போதும். பொருத்தம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தாலும் அந்த இடம் காலிதான். உங்கள் காலிப் பக்கங்களில் பாதிக்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். ஃபீல்டின் உள்பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். வாசிப்பவர் கண்ணில் படும் தலைப்பு தமிழில் இருக்கட்டும். ஒரே கோளாறு பதினான்கு கணினிகளில் இருந்தால் பதினான்கு பக்கம் வேண்டாம். கோளாறு ஒன்று, 'பாதிக்கப்பட்ட இடம்' ஃபீல்டில் பதினான்கு வரி.

இனி வேர்டைத் திறக்கலாம். ரிப்போர்ட் தயாரிக்கும் மென்பொருளான டிராடிஸின் கட்டணப் பதிப்பு, வேர்டின் டெவலப்பர் பட்டியில் உள்ள கன்டென்ட் கன்ட்ரோல் பெட்டிகளைப் பயன்படுத்துகிறது. அதே வேலைக்கான கோஸ்ட்ரைட்டரும், பைத்தானில் சொந்தமாக எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் டாக்ஸ்-டி.பி.எல். நூலகமும் ஜின்ஜா என்ற டெம்ப்ளேட் குறிமுறையில் இரட்டை வளைவு அடைப்புக்குள் பெயரை எழுதச் சொல்லும். நான்கு பேருக்கு எதுவானாலும் சரி. ஆனால் ஜின்ஜா வழியில் போனால் இரண்டு குழிகள் உண்டு. 'நிலை மூடப்பட்டது என்றால்' என்பது போன்ற நிபந்தனை எழுதும்போது வேர்டு நேரான மேற்கோள் குறியைத் தானாக வளைத்துவிடும். கண்ணுக்கு அழகுதான், ஆனால் ஜின்ஜாவுக்கு நேரான குறிதான் புரியும். கருவியே அதைத் திருத்திக்கொள்ளாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். ஆட்டோகரெக்ட்டில் அதை அணைத்துவிடுங்கள். இன்னொன்று, நம் தொழிலுக்கே உரிய வம்பு: ஆதாரத்தில் நாம் ஒட்டுகிற ஸ்கிரிப்ட் குறிகளில் கோண அடைப்புகள் இருக்கும். வேர்டு கோப்பு உள்ளே எக்ஸ்.எம்.எல். என்ற, கோண அடைப்புகளையே குறியாகக் கொண்ட மொழி என்பதால், அவை அப்படியே போனால் கோப்பு திறக்காது, அல்லது அந்தப் பகுதி காணாமல் போகும். டாக்ஸ்-டி.பி.எல்.லில் அடைப்புகளை வெறும் எழுத்தாக மாற்றிப் போடும் ஆட்டோஎஸ்கேப் என்ற அமைப்பை நீங்களேதான் இயக்க வேண்டும், தானாக இயங்காது.

தமிழ்ச் சுருக்கத்துக்கு வருவோம். நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2018 அக்டோபரில் அடிப்படை சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பைக் கொண்டுவந்தது. இயக்குநர் குழு ஒப்புதல் தந்த கொள்கை வேண்டும் என்கிறது. ஆக, அந்த மேசையில் இருப்பவர்களுக்குப் புரியாத ரிப்போர்ட்டால் பயனில்லை. தமிழ் வரியை மொழிபெயர்ப்புக் கருவியிடம் விடாதீர்கள். கண்டுபிடித்தவரே, கண்டுபிடித்த அன்றே எழுதட்டும்: 'பதிவெண்ணை மாற்றிப் போட்டால் அடுத்த மாணவரின் மதிப்பெண் தெரிகிறது. மென்பொருள் தந்தவரைக் கொண்டு சரிசெய்ய வேண்டும்.' ஒரே தரவு, இரண்டு டெம்ப்ளேட். இயக்குநர் பிரதியில் இந்த வரியும் நிலையும் மட்டும் போதும்.

எழுத்துருவில்தான் பலர் மாட்டுகிறார்கள். வேர்டு தமிழைச் சிக்கல் எழுத்து வகையில் சேர்க்கிறது. அதற்கு எழுத்துருவும் அளவும் தனி. தலைப்பு ஸ்டைலில் 16 என்று வைத்தும் தமிழ் மட்டும் 11-லேயே நிற்கிறதென்றால், ஸ்டைலின் எழுத்துருப் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற பகுதியிலும் மாற்ற வேண்டும். லினக்ஸ் சர்வரில் பி.டி.எஃப். ஆக்குகிறீர்களா? அங்கே விண்டோஸின் தமிழ் எழுத்துருவான நிர்மலா இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, டெம்ப்ளேட்டிலும் அதையே வையுங்கள்.

என் அனுபவத்தில் ஒன்று. ஆரம்பத்தில் பழைய ரிப்போர்ட்டையே 'சேவ் ஆஸ்' போட்டு டெம்ப்ளேட் ஆக்கினேன். பக்கமெல்லாம் சுத்தம். ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, 'கோப்பின் பிராப்பர்ட்டீஸில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறதே, அவர்களுக்கும் நீங்கள்தானா?' என்றார். ரகசியம் காக்கிற தொழிலில் அதைவிட வேறென்ன மானக்கேடு வேண்டும்! அன்றிலிருந்து வெற்றுக் கோப்பிலிருந்துதான் டெம்ப்ளேட் செய்கிறேன். அனுப்பும் முன், மறைந்திருக்கும் தகவல்களைக் காட்டி நீக்கும் வேர்டின் இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்டை ஓட்டுகிறேன்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்ததா என்று தலைஞாயிறு பக்கத்து விவசாயிதான் சொல்ல முடியும். டெம்ப்ளேட்டும் அப்படித்தான், கடைசியில் வரும் பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் நிஜ வேலைக்கு முன் ஒரு பொய்யான திட்டத்தை உருவாக்குங்கள்: தீர்வு காலியாக உள்ள கோளாறு ஒன்று, நாற்பது கணினிகளைப் பாதிப்பது ஒன்று, ஸ்கிரிப்ட் குறி உள்ளது ஒன்று, அரைப் பக்கத் தமிழ் உள்ளது ஒன்று. காலி ஃபீல்டுக்கு மேல் 'தீர்வு' என்ற தலைப்பு மட்டும் தனியாக நிற்கிறதா, நாற்பது வரி அட்டவணை அடுத்த பக்கத்தில் தலைப்பு வரிசையோடு தொடர்கிறதா என்று பாருங்கள். டெம்ப்ளேட்டில் ஒரு வரி மாற்றினாலும் இந்த நான்கையும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவரிடம் இயக்குநர் பிரதியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.