பெர்த்தில் கோல்ட் ஃப்ரண்ட் வந்தால் நம் குமரியில் வெயில் தணியுமா?

திங்கள்நகர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் தம்பி ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறான். இந்த வாரக் கடைசியில் அங்கே பெரிய கோல்ட் ஃப்ரண்ட் வருகிறதாம். வானிலை காட்டும் விண்டி ஆப்பில் பார்த்தால் இந்தியப் பெருங்கடலில் நமக்குக் கீழேயும் பெரிய சுழி ஒன்று தெரிகிறது. அது மேலே ஏறி வந்து இந்த மே மாதப் புழுக்கத்தைக் குறைக்குமா? மாடிக்கு கான்கிரீட் போட வேண்டும், மழை வந்துவிடுமா? பிள்ளைகளுக்கு லீவு, ஞாயிற்றுக்கிழமை முட்டம், சொத்தவிளை என்று கடலுக்குக் கூட்டிப் போகலாம் என்றும் இருக்கிறோம்."

கடைசியாகச் சொன்ன கடல் விஷயத்தைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதற்கு வருகிறேன், முதலில் குளிர்.

வராது. கோல்ட் ஃப்ரண்ட் என்பது துருவப் பக்கமிருந்து கிளம்பும் குளிர்ந்த, கனமான காற்று முன்னால் கிடக்கும் சூடான காற்றின் அடியில் நுழைந்து அதை மேலே தூக்கிக்கொண்டு நகரும் எல்லைக்கோடு. தெற்கு அரைக்கோளத்தில் 40, 50 டிகிரி தெற்கில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக்கொண்டே இருக்கும் தாழ்வு மண்டலங்களோடுதான் அது வரும், விண்டியில் நீங்கள் பார்த்த சுழியும் அதில் ஒன்றுதான். பெர்த் 32 டிகிரி தெற்கில் இருப்பதால் அதன் வால் அங்கே படுகிறது. நாம் இருப்பது 8 டிகிரி வடக்கில். நடுவில் 4000 கிலோமீட்டருக்கும் மேல் வெதுவெதுப்பான கடல். அந்தக் காற்று வடக்கே வர வர கடலிலிருந்து சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு, பாதி வழியிலேயே சாதாரணக் கடல்காற்றாகிவிடும். தம்பி வீட்டுக் குளிர் தம்பி வீட்டோடு சரி.

நம் புழுக்கத்தைக் குறைப்பது கோடை மழைதான், அது உள்ளூர்ச் சரக்கு. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் குமரிக்கு நேர் மேலே வந்துவிட்டுப் போகிறது, நிலம் அப்போதே சூடேறிவிடுகிறது, அப்புறம் மதியம் கடல்காற்று ஈரத்தோடு உள்ளே ஏறி மலைச்சரிவில் முட்டும்போது பேச்சிப்பாறை, பாலமோர், சுருளோடு பக்கம் இரண்டு மூன்று மணிக்கு மேல் வானம் கறுக்கிறது. மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வேளிமலைப் பக்கமிருந்து மண்வாசனையோடு திடீரென்று ஒரு குளிர்ந்த காற்று வந்து தென்னை ஓலைகளை ஒரே பக்கமாக மடக்கிப் போடும் பாருங்கள், மழைமேகத்திலிருந்து கீழே கொட்டிய குளிர்காற்று அது, நமக்குக் கிடைக்கிற கோல்ட் ஃப்ரண்ட் அவ்வளவுதான். அரை மணி நேரம் சுகமாக இருக்கும். அந்தக் காற்று வந்ததுமே மொட்டை மாடியிலும் மரத்தடியிலும் நிற்பவர்கள் உள்ளே வந்துவிட வேண்டும், மின்னல் பின்னாலேயே வருகிறது.

ஆகவே செய்தியில் நீங்கள் காது கொடுக்க வேண்டிய சொல் "குமரிக்கடல் பகுதியில் வளிமண்டல சுழற்சி". அப்படிச் சொன்னால் இரண்டு மூன்று நாளைக்கு மழை எந்த நேரத்திலும் வரலாம், கான்கிரீட்டைத் தள்ளிப் போடுங்கள். சொல்லவில்லை என்றால் காலையில் வெயில் ஏறும் முன்பே ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்துவிடுங்கள், தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும், மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1, ஆனால் 2025-ல் மே 24-ஆம் தேதியே வந்துவிட்டது, அதனால் மாதக் கடைசி வரை இழுக்காமல் இருப்பது நல்லது.

இனி கடல். அந்தச் சுழியின் குளிர் நம்மிடம் வராது, ஆனால் அது எழுப்பும் அலை வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு, நாள் கணக்கில், ஒரே திசையில் அடிக்கும் பலத்த காற்று கடலை உழும்போது நீண்ட அலைகள் பிறக்கின்றன. காற்று நின்றாலும் அவை நிற்பதில்லை. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 18 விநாடி இடைவெளி இருந்தால் அந்த அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், வழியில் பெரிதாக எதையும் இழக்காமல் ஓடும். மடகாஸ்கருக்கும் தெற்கே கிளம்பியது சுமார் ஐந்து நாளில் குமரிக் கரையைத் தொட்டுவிடும். அதே ஐந்து நாளில் தாழ்வு மண்டலம் கிழக்கே நகர்ந்து பெர்த்தை நெருங்கியிருக்கும். அதாவது தம்பி போன் பண்ணி இங்கே மழை கொட்டுகிறது என்று சொல்லும் நேரத்தில், அந்தச் சுழி வழியில் போட்ட அலை உங்கள் பிள்ளைகள் நிற்கும் மணலுக்கு வந்துகொண்டிருக்கலாம்.

நம் கடலோரத்தில் கள்ளக்கடல் என்பது இதைத்தான். ஆழ்கடலில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரம்தான் இருக்கும், வள்ளத்தில் இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. கரைக்கு வந்து அடித்தரை தட்டியதும் எழும்பி, சாதாரண அலை தொடாத தூரம் வரை மணலில் ஏறும், ஏறிய தண்ணீர் மொத்தமும் அதே வேகத்தில் திரும்பும். அந்தத் திரும்பும் இழுப்பில் முட்டளவு தண்ணீரில் நிற்கிற பெரிய ஆளே கால் பறிந்து விழுவார், அடுத்த அலை அவரை உள்ளே கொண்டுபோகும். வாவு நாளில், அதாவது அமாவாசை, பௌர்ணமியில், கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை நாம் இழந்தது இப்படித்தான். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது, நம் பக்கக் கடலில் புயல் எதுவும் இல்லை. நல்ல வெயில் அடிக்கிறதே, காற்றுகூட இல்லையே என்று நினைப்பதுதான் உயிரை வாங்குகிறது.

அதனால் ஞாயிறு கிளம்பும் முன் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள், அதைத்தான் மாவட்ட நிர்வாகமும் அறிவிக்கும். உங்கள் விண்டி ஆப்பிலேயே காற்றை விட்டுவிட்டு ஸ்வெல் என்பதைத் தொட்டால் இந்த நீண்ட அலையின் உயரமும் இடைவெளி விநாடியும் தெரியும். தெற்கு அல்லது தென்மேற்கிலிருந்து 15 விநாடிக்கு மேல் காட்டி, உயரமும் ஒரு மீட்டரைத் தாண்டினால் தண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். கரைக்குப் போன பிறகும் உடனே இறங்காமல் கால் மணி நேரமாவது மேட்டில் நின்று பாருங்கள். இந்த அலை தொடராக வரும், நடுவில் கடல் தூங்குவதுபோல் கிடக்கும், அந்த அமைதியை நம்பித்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். மணலில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மீனவர்கள் வள்ளத்தை வழக்கமான இடத்தைவிட மேலே இழுத்து வைத்திருந்தால் அதற்கு மேல் ஒரு அறிக்கை தேவையில்லை. முட்டம் பாறை மேலும், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்கள் மேலும், ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டணம் பொழிமுகத்திலும் அன்று பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

யாரையாவது இழுத்துவிட்டால் பின்னாலேயே குதிக்கக் கூடாது, ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போவது அப்படித்தான். கயிறு, காலி கேன், மிதக்கிற எதையாவது வீசுங்கள், கத்தி மீனவர்களைக் கூப்பிடுங்கள், கடலோரக் காவல் 1093, ஆம்புலன்ஸ் 108. இழுபட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துபோகாமல் மிதந்து, இழுப்புக்குப் பக்கவாட்டில் விலகி வர வேண்டும்.

ஞாயிறு அப்படி அமைந்துவிட்டால் மாத்தூர் தொட்டிப்பாலமும் பத்மநாபபுரம் அரண்மனையும் இருக்கின்றன, அரண்மனைக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. திற்பரப்பு என்றால் காலையிலேயே போய்க் குளித்துவிட்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள், மேலே கோதையாறு பக்கம் மழை கொட்டினால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும்.