வாசிப்புத் திட்டத்திற்கு எந்த நாடகங்களைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நான் இளங்கலைத் தமிழ் முதலாண்டு மாணவி. மூன்று மேடை நாடகங்களைப் படித்து, ஒப்பிட்டு அறிக்கை எழுத வேண்டும். மனோன்மணீயத்தை எடுத்தேன், இரண்டாம் அங்கத்தைத் தாண்ட முடியவில்லை. வேறு எவற்றைப் படிக்கலாம்?

பதில்: மனோன்மணீயம் உங்களுக்குக் கடினமாக இருந்ததில் வியப்பில்லை. 1891-இல் வெளிவந்த அந்த நூலைப் பெ. சுந்தரம் பிள்ளை பெரும்பாலும் ஆசிரியப்பாவில் இயற்றினார். நடிப்பதைவிடப் படிப்பதற்கே உரிய நாடகம் என்று அதைச் சொல்பவர்களும் உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து அதன் பாயிரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதால் அதற்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. ஆனாலும் முதன்முதலாகப் படிக்க வேண்டிய நாடகமாக அதை நான் எவருக்கும் சொல்வதில்லை. இப்போதைக்கு அதை எடுத்து வைத்துவிடுங்கள். திட்டம் முடிந்த பிறகு, அமைச்சன் குடிலன் சூழ்ச்சி செய்யும் காட்சிகளிலிருந்து மீண்டும் தொடங்கினால் நூல் பிடிபடும்.

நூலகத்தில் 'நாடகங்கள்' என்ற பெயரோடு இருக்கும் தொகுப்புகளில் வானொலி நாடகங்களும், மேடையைக் கண்டிராத உரையாடல்களும் கலந்திருக்கும். ஆகவே எந்த நூலை எடுத்தாலும் நடுவே ஒரு காட்சியைப் புரட்டிப் பாருங்கள். மேடையில் யார் யார் இருக்கிறார்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் என்ன செய்கிறார், யார் எப்போது உள்ளே வருகிறார் என்பவை அந்த இரண்டு பக்கங்களிலிருந்தே உங்களுக்குப் புலப்பட்டால் அது மேடைக்காக எழுதப்பட்டது என்று கொள்ளலாம். கதவு திறக்கும் ஓசை, குதிரைக் குளம்பொலி என்று ஒலிக்குறிப்புகளே நிறைந்திருந்தால் அது வானொலிக்காக எழுதப்பட்டதாக இருக்கக்கூடும். சபா மேடையில் அரங்கத்தைக் குலுங்க வைத்த நகைச்சுவை நாடகங்களையும் தவிர்க்கவே சொல்வேன். அவற்றில் பாதி நடிகரின் குரலிலும் நேரம் பார்த்து வசனத்தை விடும் திறனிலும் இருந்ததால், அச்சில் அவை சப்பென்று இருக்கும்.

ஒப்பிட்டு எழுத வேண்டும் என்பதால் மூன்றையும் இணைக்கும் ஓர் இழை தேவை. அதிகாரத்தின் முன் நிற்கும் கிராமத்து மக்கள் என்பதை இழையாகக் கொண்டு மூன்று நாடகங்களைச் சொல்கிறேன்.

முதலில் கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தைப் படியுங்கள். வறட்சியில் வாடும் அத்திப்பட்டிக்கு வந்து சேரும் வெள்ளைச்சாமி மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவருவதும், ஊரார் தாமே கால்வாய் வெட்டத் துணியும்போது அதிகாரம் குறுக்கே நிற்பதும் எளிய பேச்சுமொழியில் சொல்லப்படுவதால், நாடகம் படித்துப் பழகாதவருக்கும் தடை இராது. 1981-இல் கே. பாலசந்தர் இதைத் திரைப்படமாக்கினார். படத்தை நூலுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டாம். பார்த்துவிட்டால், வெடித்துக் கிடக்கும் நிலத்தை மேடையில் எப்படி உணர்த்துவது என்ற கேள்வியே உங்களுக்கு எழாது. அறிக்கையில் எழுதத் தகுந்த கேள்வி அதுதான்.

அடுத்தது இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை'. உங்கள் அறிக்கைக்கு அதிகம் தீனி போடக்கூடியது இதுவே. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்னும் நந்தனார் தில்லையில் (சிதம்பரத்தில்) இறைவன் ஆணைப்படி மூட்டப்பட்ட தீயில் மூழ்கி முனிவராக எழுகிறார். அங்கே அவரைத் தடுக்கும் ஆண்டை, அதாவது நில உடைமையாளர், என்று ஒருவர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் வேதியர் ஒருவரை ஆண்டையாகக் கொண்டுவந்து, நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்த பிறகே சிதம்பரம் போகலாம் என்று நிபந்தனை விதிக்கச் செய்தார். இறைவன் அருளால் ஒரே இரவில் அது நிறைவேறுகிறது. இந்திரா பார்த்தசாரதியின் நாடகத்திலோ அருள் என்ற திரை விலகி, தீ சாதி ஆதிக்கத்தின் சதியாகிவிடுகிறது. இந்தத் தீ பெரியபுராணம், கீர்த்தனை, நாடகம் ஆகிய மூன்றிலும் யாரால், எதற்காக மூட்டப்படுகிறது என்று மட்டும் எடுத்துக்கொண்டு, உரிய பகுதிகளை அருகருகே வைத்து எழுதினாலே அறிக்கையின் பாதி முடிந்துவிடும். அவருடைய நாடகங்கள் ஒரே தொகுப்பாகவும் வந்துள்ளன.

மூன்றாவதாக, யாழ்ப்பாணத்தில் 1985-இல் மேடையேறிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்'. போர்ச்சூழலில் வாழ்ந்த மக்களின் துயரை அவர்கள் முன்னாலேயே பேசிய நாடகம் இது. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு முதலில் சற்றுத் தயங்க வைக்கலாம். வாய்விட்டுப் படித்தால் காது விரைவில் பழகிவிடும். கதையைவிட வடிவச் சோதனையில் உங்களுக்கு ஆர்வம் என்றால், இதற்குப் பதிலாக ந. முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்' எடுக்கலாம். ஆனால் அப்போது ஒப்பீட்டின் இழையை மாற்றிக்கொள்ள வேண்டிவரும்.

எந்த நாடகத்தையும் தனியே மௌனமாகப் படித்து முடித்துவிடாதீர்கள். தோழியர் மூவர் நால்வரைச் சேர்த்துப் பாத்திரங்களைப் பகிர்ந்துகொண்டு ஒரு காட்சியையாவது உரக்கப் படியுங்கள். ஒரு தாளில் மேடையை வரைந்து, ஒவ்வொரு பாத்திரமும் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனால், பேசாமல் நிற்பவர்கள் யார் என்பதும் கண்ணில் படும்.

ஈழத்து நாடக நூல்கள் பலவற்றை 'நூலகம்' இணையத்தளத்திலும், பழைய நாடகங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப் பார்க்கலாம். மேடையேறிய பிரதியும் அச்சேறிய பிரதியும் சில இடங்களில் வேறுபடும் என்பதால், நீங்கள் படித்த பதிப்பு எது, அது வெளிவந்த ஆண்டு எது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.