தனி வீடுகள் இருக்குற தெருவுல அடுக்குமாடிக்கு அனுமதி குடுத்து விதியை மாத்துனா, அந்தத் தெரு என்ன ஆகும்?

கேள்வியைப் பாத்தாலே தெரியுது, நீங்க தனி வீட்டுல இருக்கீங்க, பக்கத்து வீட்டை இடிக்கப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது, தெரு வாட்ஸ்அப் குரூப்ல "இனிமே வெளிச்சம் வராது, தண்ணி வராது, வண்டி நிறுத்த இடம் இருக்காது"ன்னு ஓடிக்கிட்டு இருக்கு. சரிதானே?

நான் கட்டிட பிளான் வரையிற ஆள். "புரோமோட்டருக்கு சொம்பு தூக்குறான்"னு கமெண்ட் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், பெரிய புரோமோட்டர் யாரும் என் பக்கம் எட்டிக்கூடப் பாக்கறதில்ல, அவங்களுக்குன்னு தனி ஆர்க்கிடெக்ட் கூட்டம் இருக்கு. என்கிட்ட வர்றதெல்லாம் அண்ணன் தங்கச்சி பாகம் பிரிச்ச மனை, பழைய வீட்டை இடிச்சுட்டு நாலு வீடா கட்டலாமான்னு கேக்கறவங்க, அவ்வளவுதான்.

நேரா பதில் சொல்லணும்னா, விதி மாறுன மறுநாள் உங்க தெருவுல ஒண்ணும் ஆகாது. பல வருஷம் கழிச்சும் பெருசா எதுவும் ஆகாம போகலாம். ஏன்னா எல்லாரும் சண்டை போடறது எஃப்எஸ்ஐ நம்பருக்கு, அதாவது மனை பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற அந்த எண்ணுக்கு. பேப்பர்ல தலைப்பா வர்றதும் அதுதான். ஆனா கட்டிடம் எப்படி வரும்னு முடிவு பண்றது உள்ள சின்ன எழுத்துல இருக்குற செட்பேக் (மனை எல்லையிலேர்ந்து கட்டாம காலியா விடவேண்டிய இடம்), உயரம், பார்க்கிங் இந்த மூணும்.

ஒரு அண்ணனும் தங்கச்சியும் வந்தாங்க. அப்பா விட்டுட்டுப் போன மனை, 12 மீட்டர் அகலம், 25 மீட்டர் ஆழம், மொத்தம் 300 சதுர மீட்டர். விதி மாறி எஃப்எஸ்ஐ 2 ஆயிடுச்சு. அண்ணன் ரிட்டயர்டு ஆனவர், நோட்டுல கணக்கெல்லாம் போட்டே எடுத்துட்டு வந்துட்டார். 300-ஐ ரெண்டால பெருக்குனா 600, 60 சதுர மீட்டர் வீடுன்னா பத்து வீடு, ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கிட்டு மிச்சத்தை வித்து செலவை எடுத்துடலாம். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

நான் பேப்பரை எடுத்தேன். நாலு பக்கமும் 3 மீட்டர் செட்பேக். 12 மீட்டர் அகலத்துல ரெண்டு பக்கமும் 3 போனா மிச்சம் 6. ஆழத்துல 25-ல 6 போனா 19. ஆக தரையில கட்டறதுக்கு கிடைக்கறது 6-க்கு 19, 114 சதுர மீட்டர். உயர வரம்பு மூணு தளம். 342 ஆச்சு. ரெண்டு மடங்குன்னு எழுதியிருக்கறது நெசத்துல 1.14-தான். இன்னும் முடியல, வீட்டுக்கு ஒரு கார் பார்க்கிங் கட்டாயம், அதனால கீழ்த்தளம் முழுக்க தூண் மட்டும் நிறுத்தி காருக்கு விட்டாச்சு, மனுஷனுக்கு மிச்சம் ரெண்டு தளம், 228. அதாவது 0.76. இதுல படிக்கட்டும் லிஃப்டும் வேற.

அண்ணன் கடுப்பாயிட்டார். "தம்பி, கவர்மெண்ட்டே ரெண்டு குடுத்திருக்கு, நீங்க எதுக்கு குறைக்கறீங்க?"ன்னார். நான் குறைக்கல சார், இதே விதிப்புத்தகம்தான் ஒரு பக்கத்துல குடுத்துட்டு இன்னொரு பக்கத்துல எடுத்துக்குதுன்னு சொன்னா நம்பணும்ல. அந்தத் தங்கச்சி அதுவரைக்கும் பேசவே இல்ல, அப்பதான் கேட்டாங்க, "எனக்கு காரே கிடையாதே, நான் எதுக்கு காருக்கு ரூம் கட்டணும்?" இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. விதிக்கு அவங்க கார் வச்சிருக்காங்களா இல்லையான்னு கவலை கிடையாது.

இந்த பார்க்கிங் விஷயம் வெளிய இருக்கறவங்களுக்கு புரியறதே இல்ல. ஒரு கார் நிக்கறதுக்கு ரெண்டரைக்கு அஞ்சு மீட்டர், பன்னண்டரை சதுர மீட்டர் போதும்னு நெனப்பாங்க. கார் பறந்தா உள்ள வரும்? திரும்பறதுக்கும் போறதுக்கும் வழி சேத்தா ஒரு காருக்கு 25-லேர்ந்து 30 சதுர மீட்டர் வந்துடும். 60 சதுர மீட்டர் வீட்டுக்கு இது பாதி. வீடு பெருசோ சிறுசோ ஒரு வீட்டுக்கு ஒரு கார்னு விதி இருந்தா, புத்தி இருக்கறவன் சின்ன வீடு கட்டமாட்டான், கார் எண்ணிக்கையை குறைக்க பெரிய வீடா கட்டுவான். அவங்க மனையிலயும் அதான் நடந்துச்சு. தளத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டே பெரிய வீடு. அடர்த்தி கூட்டறோம்னு கொண்டு வந்த விதியில, இடிச்ச பழைய வீட்டுல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு இருந்த அதே ரெண்டு குடும்பம்தான் திரும்ப வந்துச்சு.

இதுல இன்னொரு வயித்தெரிச்சல், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், இருந்தாலும் சொல்றேன். இவங்க இல்ல, இவங்க ஒழுங்கா பணம் குடுத்தாங்க. பொதுவா பாதிப் பேருக்கு டிராயிங்னா காசு குடுக்கவேண்டிய வேலையாவே தோணறதில்ல. "ஒரு செவுத்தை நகத்தறதுதானே, சின்ன திருத்தம்தானே"ம்பாங்க. அந்த ஒரு செவுரு நகந்தா தூண் நகரணும், தூண் நகந்தா கீழ ஒரு பார்க்கிங் போச்சு, ஒரு பார்க்கிங் போனா ஒரு வீடே போச்சு, மொத்தமும் முதல்லேர்ந்து. அப்புறம் அப்ரூவல் லேட்டானா திட்டு நமக்கு. சரி விடுங்க.

இந்த விதி மாத்தற வேலையை முழுசா செஞ்ச ஊர்களும் இருக்கு. நியூசிலாந்து ஆக்லாந்துல 2016-ல கிட்டத்தட்ட முக்கால்வாசி குடியிருப்பு நிலத்துல கூடுதலா கட்ட விட்டாங்க, அதுக்கப்புறம் புது வீட்டு அனுமதி நல்லாவே ஏறிச்சு, குறிப்பா ஒட்டி ஒட்டி கட்டற வரிசை வீடுங்க. அமெரிக்காவுல இருக்குற மினியாபொலிஸ்ல ஒரு மனையில மூணு வீடு வரைக்கும் கட்டலாம்னு 2018-ல முடிவு பண்ணாங்க, உலகமே அதைத்தான் பேசிச்சு, ஆனா அங்க அந்த மூணு வீடு கட்டுனவங்க கொஞ்சம் பேர்தான், பெரிய எண்ணிக்கை வந்தது மெயின் ரோடு பக்கத்து அடுக்குமாடியில. 2021-ல பார்க்கிங் கட்டாயத்தையும் தூக்கிட்டாங்க, என்னைக் கேட்டா முதல்ல செய்யவேண்டியது அதான்.

ரோடு, சாக்கடை, தண்ணி இதெல்லாம் தாங்குமான்னு நீங்க கேக்கறது நியாயம், அதை நான் கிண்டல் பண்ணல. தீயணைப்பு வண்டி திரும்பமுடியாத சந்துல உயரமா கட்டக்கூடாது, இதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது. ஜப்பான்ல இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. முன்னாடி இருக்குற ரோடு 12 மீட்டருக்கு குறைஞ்சா, ரோட்டு அகலத்தை வச்சே எஃப்எஸ்ஐக்கு இன்னொரு வரம்பு வரும். குடியிருப்பு பகுதியில பொதுவா மீட்டருக்கு 0.4, அதனால 4 மீட்டர் ரோடுன்னா 1.6-க்கு மேல போகமுடியாது, அந்தப் பகுதிக்குன்னு திட்ட மேப்புல எவ்வளவு போட்டிருந்தாலும். இது ஒரு காரணத்தோட இருக்குற கட்டுப்பாடு. அதே நாட்டுல ரொம்ப கண்டிப்பான தாழ்வான குடியிருப்பு பகுதியிலகூட சின்ன அடுக்குமாடிக்கு தடை இல்ல.

எனக்கு ஆகாதது "தெருவோட கேரக்டர் போயிடும்"ங்கிற பேச்சுதான். கருத்துக் கேட்பு கூட்டம் ஒண்ணுல ஒருத்தர் மைக்கைப் புடிச்சு இதையே பேசுனார். எங்க இருக்கீங்க சார்னு கேட்டா, மூணாவது மாடி ஃப்ளாட். அவர் கட்டிடம் விதிக்கு முன்னாடியே வந்துடுச்சாம், அதனால அது கேரக்டர்ல சேருமாம். இது புதுசும் இல்ல, 1926-ல, யூக்ளிட்ங்கிற ஊர் போட்ட இதே மாதிரி கட்டிட விதியைப் பத்துன வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றம் தனி வீட்டுப் பகுதியில வர்ற அடுக்குமாடியை ஒட்டுண்ணின்னே தீர்ப்புல எழுதிச்சு. நானும் ஃப்ளாட்லதான் இருக்கேன், அதனால கொஞ்சம் சுருக்குன்னு இருக்கு, ஒத்துக்கறேன்.

எல்லா மனைக்கும் என் கணக்கு பொருந்தும்னு சொல்லல. மனை அகலமா இருந்தா, ரெண்டு மூணு மனையை சேத்து வாங்குனா கதையே வேற. இந்த விதியெல்லாம் சேந்து அதைத்தான் தூண்டுது, சின்ன மனைக்காரன் கட்டமுடியாம வித்துடுவான், பெரிய ஆள் சேத்து வாங்கி உயரமா எழுப்புவான், நீங்க பயப்படற கட்டிடம் அப்பதான் வரும். அதனால வரைவு விதி கையில கிடைச்சா எஃப்எஸ்ஐ பக்கத்தை விட்டுட்டு பார்க்கிங் அட்டவணையையும், எத்தனை மீட்டர் அகல மனைக்கு எவ்வளவு செட்பேக்னு இருக்குற பக்கத்தையும் முதல்ல பாருங்க, ஆட்சேபம் எழுதுறதா இருந்தா அதுக்கு எழுதுங்க.

அப்புறம் தயவுசெஞ்சு இன்பாக்ஸ்ல மனை அளவு அனுப்பி "இதுல எத்தனை ஃப்ளோர் வரும், சும்மா ஒரு ரஃப் ஸ்கெட்ச் போதும்"னு கேக்காதீங்க.